குற்றாலத்தில் சாயங்காலம் என்ன செய்வது?

குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் காலையைப் பற்றிக் கவலையே இல்லை. விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் தூக்கம். நாலு மணிக்கு எழுந்து டீ குடித்த பிறகுதான் பிரச்சினை. மறுபடியும் அருவியா, கடைத்தெருவா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் கடைத்தெருவுக்கே போய், நேற்று வாங்கிய அதே நேந்திரங்காய் சிப்ஸில் இன்னும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்புவார்கள்.

அந்த நாலு மணியிலிருந்து ஏழரை மணி வரைக்குமான நேரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். சீசன் சமயத்தில் தென்காசியைச் சுற்றியுள்ள வயல்காட்டில் காரில் ஒரு சுற்றுப் போய் வருவதற்கு ஈடாக அந்த வட்டாரத்தில் வேறொன்று கிடையாது. அருவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அருவியில் கூட்டத்தோடு முண்ட வேண்டும், போலீஸ் விசிலடித்தால் வெளியே வர வேண்டும். வயலோரத்தில் அடிக்கிற சாரலுக்கு வரிசை கிடையாது.

நாங்கள் மதுரைக்காரர்கள். ராஜபாளையம், கடையநல்லூர் வழியாகப் போய்ச் சேருவோம். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே வண்டி. அக்காவும் மச்சானும் வந்தால் இன்னொரு வண்டி. எழுபது தாண்டியவருக்கும் எட்டு வயதுக்காரிக்கும் ஒரே பயணம் பிடிக்க வேண்டும் என்பதுதான் குடும்பப் பயணத்தில் இருக்கிற சங்கடமே. மாலைச் சுற்றில் மட்டும் அது எப்படியோ சரியாக அமைந்துவிடுகிறது. யாரும் நடக்க வேண்டாம், யாரும் படி ஏற வேண்டாம், பிடிக்காதவர் ஜன்னலில் சாய்ந்து தூங்கலாம்.

முதலில் வெளிச்சக் கணக்கு. இங்கே மலை மேற்கே நிற்கிறது. ஜூலையில் காலண்டர்படி சூரியன் மறைவது ஆறே முக்காலை ஒட்டி. ஆனால் மலையடியில் குற்றாலத்திலோ மேக்கரையிலோ நிற்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. சூரியனை மலை முன்னதாகவே வாங்கிக்கொள்ளும். போதாததற்குச் சீசனில் மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கும். ஆறு மணிக்கு முன்பே அடிவாரம் முழுக்க நிழல் விழுந்துவிடும். அதே நேரத்தில் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பாவூர்சத்திரம் பக்கம், தாராளமாக வெளிச்சம் இருக்கும். ஆகவே அன்றைய சுற்றில் மலையை ஒட்டி ஏதாவது இருந்தால் அது முதலில், வெட்டவெளி பிறகு. இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் “அணைக்குப் போனோம், ஒண்ணும் தெரியல” என்று ராத்திரி விடுதி வாசலில் புலம்புகிறார்கள்.

நாலு மணிக்கு வண்டி நகர வேண்டுமென்றால் வீட்டாரிடம் மூன்றரை என்று சொல்ல வேண்டும். அம்மா தலை வாரிப் பூ வைத்து, மகள் ஒரு காலில் மட்டும் செருப்போடு இன்னொன்றைத் தேடி, அப்பா “கிளம்பிட்டீங்களா” என்று கேட்டுவிட்டு அதன்பிறகு பாத்ரூம் போய் வர அரை மணி ஆகிவிடும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது தூரம். ஒரு பக்கத்துக்கு 20 கிலோமீட்டர், மிஞ்சினால் 25. அதற்கு மேல் போவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். 20 கிலோமீட்டரை அரை மணியில் தாண்டிவிடலாம் என்று போனில் உள்ள மேப் சொல்லும். அது சொல்வது போய்ச் சேருவதற்கு ஆகும் நேரம். நமக்கோ போய்ச் சேர இடமே இல்லை. பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு குடும்பம் ஒரே சாயங்காலத்தில் குண்டாறு அணை, திருமலைக்கோவில், சூரியகாந்தி வயல், பாபநாசம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பியது. ராத்திரி பத்தரைக்குத் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் சாப்பிடாமலே தோளில் தூங்கிக்கொண்டிருந்தன. புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்ளவில்லை.

குற்றாலத்திலிருந்து மூன்று திசையில் போகலாம். நாளுக்கு ஒன்று. மலை மேற்கே அடைத்துக்கொண்டிருப்பதால் நாலாவது திசை கிடையாது, அந்த மட்டில் குழப்பம் குறைவு.

கிழக்குதான் எனக்குப் பிடித்தது. தென்காசி ஊரைத் தாண்டி வடகிழக்கே, சுரண்டை போகும் பக்கமாக ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை என்று ஊர்கள். சுந்தரபாண்டியபுரத்தை 1992இல் வந்த ‘ரோஜா’ படத்திலிருந்து தமிழர்களுக்குத் தெரியும். ஊருக்குப் பக்கத்தில் உள்ள பாறைகளில் ‘அந்நியன்’ படப் பாட்டுக்காக நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். அந்தப் படம் 2005இல் வந்தது. இன்றைக்கும் அதற்கு அந்நியன் பாறை என்றுதான் பேர். பிள்ளைகளுக்கு அங்கே பத்து நிமிஷம் போதும். எனக்கு ஐந்தே போதும். மழையிலும் வெயிலிலும் மங்கிப்போன முகங்களைவிட அங்கிருந்து தெரிகிற குளமும் அதற்குப் பின்னால் எழும்புகிற மலையும் நன்றாக இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கமெல்லாம் சூரியகாந்தி பூக்கும். அதைப் பார்க்கவே ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்து வண்டிகள் சாரை சாரையாக வரும். இங்கேதான் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். போன வருஷம் யாரோ போட்ட போட்டோவையும் அதற்கான மேப் குறியையும் நம்பிப் போகக் கூடாது. விவசாயி வருஷா வருஷம் ஒரே பயிரைப் போடுவதில்லை. ஆய்க்குடிப் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து திரும்பாமலே சொன்னார்: “அங்கன இந்த வருசம் உள்ளியில்லா போட்டிருக்காவ, அண்ணாச்சி. நீங்க சாம்பவர்வடகரை ரோட்டுல போங்க. பீச்சாங்கைப் பக்கம் பாத்துக்கிட்டே போனா தெரியும்.” போனோம், தெரிந்தது. மேப் காட்டிய இடத்தில் இரண்டு கார்க்காரர்கள் வெங்காய வயலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒரு வயல் கண்ணைப் பறிக்கிற மாதிரி பூத்து நிற்பது இரண்டு மூன்று வாரம்தான். அதனால் எங்கே என்று அன்றன்றைக்குக் கேட்பதே சரி. டீயும் கிடைக்கும்.

இன்னொன்று, எங்கே நின்று பார்ப்பது என்பது. சூரியகாந்தி சூரியனோடு சேர்ந்து திரும்பும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அது மொட்டுப் பருவம் வரைக்கும்தான். பூ விரிந்து முற்றியதும் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். வயலுக்கு மேற்கே வண்டியை நிறுத்தினால் ஆயிரக்கணக்கான பூக்களின் முதுகைத்தான் பார்க்கலாம். பச்சையாக, ரோமம் அடர்ந்து, கொஞ்சம் முரட்டு முதுகு. கிழக்கு வரப்புக்குப் போய் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். அத்தனை பூவும் நம்மைப் பார்க்கும், பின்னால் மலை. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் இன்னும் நல்லது. எதிர்வெயில் இல்லாமல், மேகத்தில் வடிகட்டிய வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் அப்படியே எழும்பி நிற்கும். உச்சி வெயிலில் எடுத்த போட்டோக்களில் அந்த மஞ்சள் வெளுத்துப்போயிருக்கும். சாயங்காலம் போகச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

வரப்பில் நின்று பார்ப்பதோடு சரி. உள்ளே இறங்கக் கூடாது. சில வயல்களில் ஓரமாகக் கயிறு கட்டி ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். அந்தக் காசைத் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும். கயிறு இல்லாத வயலில் நாங்கள் நின்றபோது கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். “எடுங்க, எடுங்க, நல்லா எடுங்க. உள்ள மட்டும் போவாதிய. நேத்து வந்தவங்க இந்தா, இவ்வளவையும் சாய்ச்சிட்டுப் போயிட்டாங்க” என்று காட்டினார். வரப்பிலிருந்து நாலைந்து வரிசை உள்ளே, ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குச் செடிகள் மடங்கிக் கிடந்தன. தண்டு ஒடிந்தால் அந்தச் செடி நிமிராது. பூ பூப்பதே வித்துக்காகத்தான். வித்து பிடிப்பதற்கு முன்னால் ஒடிந்தது அவருக்கு நஷ்டம். என் மனைவி அவரிடம் பூ விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கப்போய், “அதை வச்சு என்ன செய்வ தாயி, தலையிலயா வைக்க முடியும்?” என்று பதில் வாங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம். மகரந்தத் தூள் மஞ்சள் கறையாக ஒட்டிக்கொள்ளும். தேனீக்களும் இருக்கும், பிள்ளைகள் கையால் விசிறாமல் சும்மா நின்றால் அவை பாட்டுக்குப் போய்விடும்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் கீழப்பாவூர். பதினாறு கைகளோடு நரசிம்மர் உள்ள கோவில் குளத்தின் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அது. அப்பாவுக்கு வழியில் வருகிற குளங்கள். இந்தப் பக்கத்தில் குளத்தங்கரைமேலேயே ரோடு போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடி கீழே நடவு வயல். ஜூலை என்றால் கார் பருவ நடவு முடிந்த இளம் பச்சை. வீட்டில் பேசவே பேசாத அப்பா இந்தக் கரைகளில்தான் வாய் திறப்பார். மடை எங்கே இருக்கிறது, மறுகால் எந்தப் பக்கம் பாயும், தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று வரிசையாகச் சொல்வார். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடி, வழியில் அணைக்கட்டுகளில் கால்வாய்களாகப் பிரிந்து குளம் குளமாக நிரப்பிவிட்டு, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. “காலைல உன் தலையில விழுந்த தண்ணிதான்டா, இப்ப இங்க வந்து நிக்குது” என்று அவர் பேரனிடம் சொன்னார். அவன் நம்பவில்லை. மடை வாயில் கையை நனைத்து மோந்து பார்த்துவிட்டு, “எண்ணெய் வாசனையே இல்லியே தாத்தா” என்றான். அப்பா அதற்குச் சிரித்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்குவது என்றால் இப்படி ஒரு இடத்தில் இருபது நிமிஷம் இறங்க வேண்டும். ஐந்து ஐந்து நிமிஷமாக நாலு இடத்தில் இறங்கினால் கதவைத் திறந்து மூடியதுதான் மிச்சமாக இருக்கும்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடிக் காற்று இங்கே சும்மா அடிக்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வருகிற தென்மேற்குக் காற்று அது. இந்த வட்டாரத்தில் அங்கங்கே காற்றாலைகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். காற்று வருகிற திசைக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால், கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு கதவு முன்னால் பாயும். கீல் வளைந்துவிடும், பிள்ளைகள் விரல் இருந்தால் போச்சு. வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து, நிற்கும்படி நிறுத்துவது நல்லது. பெரியவர்கள் பக்கத்துக் கதவை நாமே போய்த் திறந்துவிட வேண்டும்.

திரும்பும் வழி பாவூர்சத்திரம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து கேரளாவுக்குக் காய் போகிறது. தென்காசி–திருநெல்வேலிச் சாலையில் ஏறிவிட்டால் விடுதிக்குப் போய்ச் சேர நேரமாகாது. இருட்டுவதற்குள் ஒரு பெரிய சாலையைப் பிடித்துவிடும்படி சுற்றை அமைத்துக்கொள்வது நான் கடைப்பிடிக்கிற வழக்கம். போகும்போது கிராமத்துச் சாலை, வரும்போது பெரிய சாலை.

வடக்கே போகிற சுற்று வேறு மாதிரி. செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் குண்டாறு அணை. பேப்பரில் அணை நீர்மட்டம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மொத்த உயரமே 36 அடி. சீசன் தொடங்கியதும் இந்த மாவட்டத்தில் முதலில் நிரம்புகிற அணை அதுதான். மேக்கரையில் உள்ள அடவிநயினார் 132 அடி. அளவில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது; ஆனால் குழந்தைகளுக்குப் பிடிப்பது சின்னதுதான், தண்ணீர் கையெட்டும் தூரத்தில் தெரிகிறது அல்லவா. அதனால்தான் அங்கே பெரியவர்கள் ஒருவர் கண் எடுக்காமல் இருக்க வேண்டியிருக்கிறது. மலைமேல் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அடிவாரத்தில் ஓடைகளிலும் கால்வாய்களிலும் சாயங்காலத்தில் பிள்ளைகளை இறக்குவதில்லை என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை, அழுதாலும் சரி.

பண்பொழியில் திருமலைக் குமாரசுவாமி கோவில் ஒரு தனிக் குன்றின்மேல் இருக்கிறது. படி ஏறலாம், வண்டியும் மேலே போகும். காலையில் பக்தர்களுக்கு, மாலையில் எங்களைப் போன்றவர்களுக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கிழக்கே விரிந்து கிடக்கும் தென்னந்தோப்பு, நடவு, குளம் எல்லாவற்றின்மேலும் நேர் வெளிச்சம் விழும். மலைநிழல் ஒரு கோடாக வயல்கள்மேல் நகர்ந்து போவதை அங்கிருந்து கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு குளம் மினுங்கிக்கொண்டிருக்கும், அடுத்த முறை பார்க்கும்போது அணைந்திருக்கும், அதற்கு அடுத்த குளம் மினுங்கும். கையில் தேங்காய் பழத் தட்டோடு அதைப் பார்க்க வேண்டாம், குரங்குகள் உண்டு.

இந்தப் பக்கம் போனால் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்தை விட்டு வந்துவிட வேண்டும். மேக்கரை, வடகரைத் தோப்புகளுக்கு யானை இறங்குவது உள்ளூர்ச் செய்தித்தாளில் அடிக்கடி வரும். தோப்புக்காரர்களே பொழுது சாய்ந்தால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நாம் செல்ஃபிக்காக அங்கே நிற்பதில் ஒரு வீரமும் இல்லை. பிறகு செங்கோட்டை வந்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். ஏழு மணிக்குள் உட்கார்ந்தால் இடம் கிடைக்கும், எட்டரைக்கு நிற்க வேண்டும். அப்பா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், அவருக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளக் கூடாது. ஆகவே எங்களுக்கு ஏழு மணிதான். புளியரைச் சாலையில் கேரளா போகிற கல், எம்சாண்ட் லாரிகள் ராத்திரியில் வரிசை கட்டும். அந்தச் சாலையில் இருட்டிய பிறகு சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லை.

தெற்குச் சுற்று, மத்தளம்பாறை வழியாகக் கடையம், ஆழ்வார்குறிச்சி. ஜோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்ததிலிருந்து மத்தளம்பாறையின் பேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதியார் 1918 முதல் 1920 வரை இங்கே இருந்தார். சாலை மலையோடு கூடவே ஓடுகிறது. போகும்போது மலை வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் போகும்போது வயலைத்தான் பார்ப்பார். மலை வேண்டுமென்றால் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மலை கறுத்துவிடும். ஆகவே அம்மாவையும் சின்னவளையும் போகும்போது பின்னால் வலது ஜன்னலில் உட்கார வைப்போம். முன் இருக்கை பெரியவருக்கு என்று எழுதிவைத்தாற்போல் அப்பாவையே எப்போதும் அங்கே உட்கார வைப்பது மரியாதையாக இருக்கலாம். காட்சி என்று பார்த்தால் பின் ஜன்னல்தான் இந்தச் சாலையில் முதல் வகுப்பு. கடையத்தில் டீ குடித்துவிட்டு இடம் மாறிக்கொள்வோம்.

இந்தச் சாலையில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் என் மச்சான் பொறுமையிழந்துவிடுவார். எனக்கு அது வரம். எஞ்சினை அணைத்ததும் அதுவரை கேட்காத காற்றுச் சத்தம், தென்னை ஓலைச் சத்தம், எங்கோ ஒரு மயில். ஒருமுறை அவிச்ச கடலையோடு ஒரு அம்மா வந்தார். பொட்டலம் சுடச்சுட இருந்தது. ரயில் போய் கேட் திறந்த பிறகும் நாங்கள் கிளம்பவில்லை, பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் நகர்ந்தோம். ஆழ்வார்குறிச்சிக்கு அப்பால், அம்பாசமுத்திரம் வரைக்கும் போகலாமே என்று அன்றைக்கு யாராவது ஒருவர் சொல்வார். அம்பாசமுத்திரமும் பாபநாசமும் தனியாக ஒரு முழுநாளுக்கு உரியவை என்று அவரை அடக்கிவிடுவது நல்லது.

ரயிலில் வருகிறவர்கள், அதாவது பொதிகையில் வந்து இறங்குகிறவர்கள், ஊரில் வண்டி பேசிக்கொள்வார்கள். கிலோமீட்டர் கணக்கில் பேசாமல் மணிக் கணக்கில் பேசுங்கள். கிலோமீட்டர் கணக்கென்றால் டிரைவர் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அவருக்கு நேரம் போகிறது, காசு வருவதில்லை. “எங்களுக்குக் கடை எதுவும் காட்ட வேண்டாம் அண்ணாச்சி, குளம் காட்டுங்க போதும்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டீக்கு நிற்கும்போது அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால், எந்த ஊர்க் குளம் பெருகிக் கிடக்கிறது, எந்தச் சாலையில் பாலம் வேலை நடக்கிறது என்பதெல்லாம் தானாக வரும். மேப் தெரிந்த நம்மைவிட வழி தெரிந்தவர் அவர்.

பெண்களுக்கான வசதியைப் பற்றி ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு வரி இருக்காது. கிராமத்துச் சாலையில் மூன்று மணி நேரம் என்றால் அம்மாவும் அக்காவும் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் வழியைப் போடுவதே தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம், கடையம் மாதிரி ஒரு பெரிய ஊரைப் பாதி வழியில் தொடும்படிதான். பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கும். பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்டால் சாவி கொடுப்பார்கள். சில இடங்களில் ‘ரிப்பேர்’ என்பார்கள். அடுத்த பங்குக்குப் போக வேண்டியதுதான். இதைக் கிளம்பும்போதே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

ஓட்டுகிறவருக்கு இரண்டு வார்த்தை. சாரல் விழ ஆரம்பித்ததும் எல்லோரும் கண்ணாடியை ஏற்றுவார்கள், ஐந்தே நிமிஷத்தில் உள்பக்கம் ஆவி படரும். துணியால் துடைத்தால் கோடு கோடாகும். ஏசியை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் சரியாகிவிடும், குளிருகிறது என்று பின்னாலிருந்து வரும் கோஷ்டி கானத்தைப் பொருட்படுத்த வேண்டாம். வைப்பர் தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். இங்கே சாரல் கண்ணாடியைக் கழுவுகிற அளவுக்குப் பெய்யாது, தூசியைச் சேறாக்குகிற அளவுக்குத்தான் பெய்யும்.

ஆறிலிருந்து ஏழு வரை மாடும் ஆடும் வீடு திரும்புகிற நேரம். கிடை ஒன்று சாலையைக் கடந்தால் ஹாரன் அடிக்காமல் நின்றுவிடுவதே வேகமான வழி. அடித்தால் ஆடுகள் நாலு பக்கமும் சிதறி, மேய்ப்பவர் அவற்றைத் திரட்டி முடிக்க இரண்டு மடங்கு நேரமாகும். ரோட்டில் பாதியை அடைத்துத் தானியம் காயப்போட்டிருந்தால், ஓரத்தில் காவலுக்கு வைத்த கல் இருட்டில் தெரியாது. பின்விளக்கில்லாத டிராக்டர், கரும்பலகை மாதிரி முன்னால் போய்க்கொண்டிருக்கும். எதிரே பைக்கில் வருகிறவர் சாரலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வருவார். அவர்மேல் ஹைபீம் அடிப்பது பாவம். 40ஐத் தாண்டாமல் ஓட்டினால் இவை எல்லாமே சமாளிக்கக் கூடியவை. அதற்கு மேல் போனால் பார்க்க வந்ததும் தெரியாது.

பிள்ளைகள் கையில் போன் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கிளம்பி முதல் பத்து நிமிஷம் வரைக்கும் கொடுக்கலாம் என்பேன். டவுனைத் தாண்டுகிற வரைக்கும் வெளியே பார்க்க ஒன்றுமில்லை. வயல் வந்ததும் வாங்கிக்கொண்டு, நிற்கிற காற்றாலை எத்தனை, சுற்றுகிற காற்றாலை எத்தனை என்று எண்ணச் சொன்னால் போதும். சண்டை ஆரம்பித்துவிடும், அந்தச் சண்டைக்காவது வெளியே பார்த்தாக வேண்டுமே. வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைய பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு மாத்திரை தேடுவதைவிட, பஜ்ஜியைத் திரும்பி வந்து வாங்கிக் கொடுப்பது எளிது. சுக்குக் காப்பி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும்.

எந்த நாள் என்பதுதான் கடைசி. சனி, ஞாயிறு, ஆகஸ்ட் 15 இந்த நாட்களில் சுந்தரபாண்டியபுரம் சாலையில் வண்டி எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும். வயலோரத்தில் ஐஸ் வண்டி, பொரி வண்டி, பலூன் எல்லாம் வந்துவிடும். வாரக் கடைசியோடு ஒரு நாள் லீவு சேர்த்துப் போகிறவர்கள் சனி ஞாயிறைக் காலை அருவிக்கு வைத்துக்கொண்டு, வெள்ளி அல்லது திங்கள் சாயங்காலத்தைச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் போனால் சாரல் இருக்கும், பூ இருக்காது. ஆகஸ்ட் முடிகிற சமயம் பூக்கள் தலை கவிழ்ந்து வித்து முற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும்தான் காலம். அறையை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.